வர முடியாதவர்களும் சேர்ந்ததே சங்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 2020-ல் தொற்றுக்குப் பயந்து கதவை மூடிய பௌத்த விகாரைகளும் தியான மையங்களும் இணையத்துக்கு வந்தன. கதவு திறந்ததும் அவற்றில் பல, இணைய அமர்வை நிறுத்திவிட்டன. ‘இனி எல்லோரும் நேரில் வரலாமே’ என்பதுதான் சொல்லப்படும் காரணம். எல்லோராலும் வர முடியாது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவர், பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியாரை விட்டு ஒரு மணி நேரம்கூட நகர முடியாத மருமகள், மாடிப்படி ஏற முடியாமல் மையத்தின் வாசலோடு திரும்பிவிடுகிற சக்கர நாற்காலிக்காரர், இரவுப் பணி முடிந்து பகலில் உறங்கும் செவிலியர் ஆகியோருக்குத் தொற்றுக்கு முன்பும் கதவு மூடித்தான் இருந்தது. நடுவில் ஓரிரு ஆண்டுகள் திறந்தது. இப்போது மறுபடி மூடிக்கொண்டது.

தமிழ்நாட்டில் இதோடு தூரமும் சேர்ந்துகொள்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பௌத்தர் என்று பதிந்தவர்கள் மாநிலம் முழுவதற்கும் சுமார் 11 ஆயிரம் பேர்தான். சென்னையில் இருப்பவர் எழும்பூர் கென்னட் சந்து மகாபோதி சங்கத்துக்குப் போய்வரலாம். தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தனியாகப் படித்து, தனியாகப் பஞ்சசீலம் என்ற ஐந்து ஒழுக்க உறுதிகளை ஏற்றவருக்குப் பக்கத்து ஊரில் இன்னொரு பௌத்தர் இருக்கிறாரா என்பதே தெரியாது. தூரத்தைத் தாண்டிக் கூடுவது நமக்குப் புதிதும் அல்ல. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ், சென்னையில் அச்சாகிக் கோலார் தங்கவயல் வரை போய், ஒருவரையொருவர் பார்த்திராத பௌத்தர்களை ஒரே பேச்சில் வைத்திருந்தது.

‘திரையில் கூடுவதெல்லாம் சங்கமாகுமா?’ என்ற கேள்வி விகாரைகளில் அடிக்கடி எழுகிறது. விநயத்தை, அதாவது துறவியருக்கான ஒழுக்க விதிகளைத் தெரிந்தவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி அது. அதற்கு விநயத்திலிருந்தே இரண்டு பதில்கள் கிடைக்கின்றன.

முதலாவது, சிலவற்றை இணையத்தில் செய்யவே முடியாது. தேரவாத மரபில் சங்கச் செயல் எதுவானாலும் அதில் பங்கேற்கும் பிக்குகள் ஒரே சீமைக்குள் (சங்கச் செயலுக்கென எல்லை வகுத்த இடத்துக்குள்), ஒருவருக்கொருவர் கைக்கெட்டும் தொலைவில், அதாவது இரண்டரை முழத்துக்குள் இருக்க வேண்டும். பாதிமோக்கம் என்ற துறவியர் விதித்தொகுப்பை ஓத நான்கு பிக்குகள் வேண்டும். உபசம்பதை, அதாவது முழுத் துறவு கொடுக்க மத்திய தேசத்தில் (புத்தர் வாழ்ந்த கங்கைச் சமவெளிப் பகுதியில்) பத்துப் பேர், எல்லைப்புற நாடுகளில் ஐந்து பேர் வேண்டும். காணொளியில் தெரியும் முகம் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே ‘இணையவழியில் பிக்கு ஆக்குகிறோம்’ என்று யாராவது விளம்பரம் செய்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இரண்டாவது பதில் விநய நூல்களில் ஒன்றான மகாவக்கத்தில், பிக்குகள் கூடிப் பாதிமோக்கம் ஓதும் உபோசத நாளைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. உபோசத நாளில் ஒரு பிக்கு நோயில் கிடந்தால் அவர் தம் தூய்மை அறிவிப்பை (தாம் விதி மீறவில்லை என்ற அறிவிப்பை) இன்னொரு பிக்குவிடம் சொல்லி அனுப்பலாம். சொல்லவும் இயலாவிட்டால் கட்டிலோடோ இருக்கையோடோ தூக்கிவந்து சபையில் சேர்க்க வேண்டும். தூக்கினால் நோய் முற்றும் என்று பணிவிடை செய்பவர்கள் கருதினால், சங்கம் முழுவதும் எழுந்து நோயாளி இருக்கும் இடத்துக்குப் போய் அங்கேயே உபோசதம் நடத்த வேண்டும். அவரை விட்டுவிட்டுக் குறைந்த சங்கத்தோடு நடத்தக் கூடாது. வர முடியாதவரைக் கணக்கில் எடுப்பது சங்கத்தின் கடமை, அவர் தலையில் கட்டும் சுமையல்ல என்பது அந்த விதிகளில் தெளிவாகவே இருக்கிறது.

சுத்தங்கள் எனப்படும் புத்தரின் போதனை உரைகளிலும் இதற்கு இடமுண்டு. கிரிமானந்தர் என்ற பிக்கு கடும் நோயில் இருக்கிறார், வந்து பார்க்க வேண்டும் என்று புத்தரின் அணுக்கச் சீடர் ஆனந்தர் வேண்டியபோது, பத்து வகை மனப்பயிற்சிகளைச் சொல்லி, அவற்றைப் போய் அவருக்கு எடுத்துரைக்கும்படி புத்தர் ஆனந்தரையே அனுப்பினார். போதனை இன்னொருவர் குரலில் போய்ச் சேர்ந்தது. இன்று இலங்கையிலும் பிற தேரவாத நாடுகளிலும் நோயாளியின் படுக்கையருகே ஓதப்படும் கிரிமானந்த சுத்தம் அதுதான். பஞ்சசீலம் சொல்லிக்கொடுப்பது, பரித்தம் என்ற காப்புப் பாடங்களை ஓதுவது, தம்ம உரை, தியான வழிகாட்டல், தனி உரையாடல் என இல்லறத்தாரான உபாசகருக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதியைத் தொலைவிலிருந்தே தர முடியும்.

முழுக்க முழுக்க இப்படியே இயங்கும் சங்கத்துக்கு நல்ல உதாரணம் ஜப்பானின் த்சுகுபாவிலிருந்து ஜுந்தோ கோஹென் நடத்தும் ட்ரீலீஃப் சோத்தோ ஜென் சங்கம். தொற்றுக்குப் பத்தாண்டுகளுக்கும் மேல் முன்பே தொடங்கியது. உடல்நலம், தொலைவு, வேலை, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றால் ஜென் மையத்துக்குப் போக முடியாதவர்களுக்கென்றே அமைத்தார்கள். அங்கே சீலம் ஏற்பவர்கள், கழுத்தில் அணியும் ரக்கூசு என்ற சிறு சீவரத்தை (துறவாடையின் சிறு வடிவத்தை)ப் பல வாரங்கள் வீட்டிலிருந்தபடி தாங்களே கையால் தைக்கிறார்கள், மற்றவர்கள் தையல் தையலாகத் திரையில் காட்டிக் கொடுக்கிறார்கள். கட்டணம் கிடையாது. நேரில் நடப்பதைப் படம் பிடித்து அனுப்புவதோடு நில்லாமல், வீட்டில் இருப்பவர் கையில் ஒரு வேலையைக் கொடுத்ததுதான் அதன் பலம். மறுபுறம், கோயங்கா மரபு விபாசனாவில் முதல் பத்து நாள் முகாமுக்கு நேரில்தான் போக வேண்டும். இணையத்தில் தர மாட்டார்கள். அதுவும் காரணத்தோடு வைத்த விதியே. எது தரலாம், எது தரக் கூடாது என்பதை ஒவ்வொரு மரபும் யோசித்து முடிவுசெய்து அறிவித்துவிட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

நம் விகாரைகளில் பல ‘இணைய அமர்வு’ என்று நடத்துவது பெரும்பாலும் யூடியூப் நேரலை. மண்டபத்தின் பின்சுவரில் ஒரு கைப்பேசி, அதில் முதுகுகள் தெரியும், மின்விசிறி இரையும், பிக்குவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். நேரலை பத்து முதல் முப்பது நொடி வரை தாமதமாகப் போய்ச் சேர்வதால், மண்டபத்தில் ‘சாது’ (நன்று) சொல்லி முடித்து எழுந்த பிறகுதான் வீட்டில் இருப்பவருக்கு அந்த வரி வரும். தியானத்தின் நடுவே விளம்பரம் பாயலாம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது தெரியும், யார் வரவில்லை என்பது தெரியாது. தம்ம உரையைப் பிறகு கேட்க நேரலை போதும். கூடி அமர்வதற்கு ஜூம், கூகுள் மீட் போல இருபுறமும் பேசும் வழிதான் வேண்டும்.

அதை நடத்துவதற்கு மூன்று பேர் போதும், ஒருவர் போதாது. ஓதி வழிநடத்துபவர் ஒருவர். வாசல் பார்ப்பவர் ஒருவர்: காத்திருப்பு அறையிலிருந்து ஒவ்வொருவராகப் பெயர் பார்த்து உள்ளே விடுவது, மைக்கை மூடுவது, தொல்லை தருபவரை வெளியேற்றுவது அவர் வேலை. மூன்றாமவர் கைப்பேசியோடு தனியே இருக்க வேண்டும். ‘உள்ளே போக முடியலையே’ என்று அழைப்பவருக்கு அந்த நேரத்தில் பதில் சொல்ல ஓர் ஆள் இல்லாவிட்டால், முதல் முறை முயன்ற முதியவர் இரண்டாம் முறை முயல மாட்டார். கூட்டத்துக்கான இணைப்பைப் பொதுவெளியில் ஒட்டக் கூடாது. திரைப்பகிர்வைப் பங்கேற்பாளர்களுக்கு மூடிவைக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை விட்டாலும் எங்கிருந்தோ நுழைந்து ஆபாசப் படம் ஓட்டுகிறவர்களிடம் அமர்வு சிக்கும்.

ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும், மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு மணி நேரம். தியானத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் திரை கறுத்துப்போவதைவிட மனத்தைக் குலைப்பது வேறில்லை. கட்டணக் கணக்கு வாங்க வசதியில்லாத இடங்களில் முதலிலேயே 35 நிமிடத் திட்டம் போட்டுவிடலாம்: வரவேற்பும் பெயர் கூப்பிடுவதும் 5, சரணமும் சீலமும் 7, தியானம் 15, பேச்சு 8. நோயாளிகளுக்கு இதுவே போதுமான அளவு.

மணியோசையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இந்தச் செயலிகள் பேச்சுக் குரலுக்காகச் செய்யப்பட்டவை. ஒரே சுருதியில் நீளும் ஒலி எதுவானாலும் அதை மின்விசிறி இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். கிண்ணமணியைத் தட்டினால் ‘டங்’ என்ற முதல் தட்டு மட்டும் போகும். இழைந்து இழைந்து அடங்க வேண்டிய நாதம் இரண்டு நொடியில் அறுந்து, நடுவில் விட்டுவிட்டுக் கரகரக்கும். ஜூமின் ஒலி அமைப்பில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்பதை இயக்கினால் இது சரியாகும். கூட்டம் தொடங்கிய பிறகும் திரையின் மேல் மூலையில் அது இயங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மணி, மைக்கிலிருந்து ஒரு கை நீளமாவது தள்ளி இருக்கட்டும். துணி சுற்றிய கட்டையால் விளிம்பில் மெல்லத் தட்டினால் போதும், ஓங்கி அடித்தால் ஒலி உடைந்து போகும். நாதம் முழுதும் அடங்கும்வரை வழிநடத்துபவர் ஒரு சொல்லும் பேசக் கூடாது.

சேர்ந்து ஓதுவதும் நேரில் போல வராது. ஒவ்வொருவர் குரலும் வெவ்வேறு தாமதத்தோடு வந்து சேர்வதால், எல்லா மைக்கையும் திறந்தால் ‘புத்தம் சரணம்’ ஒருவரிடம் முடியும்போது இன்னொருவரிடம் தொடங்கும். செயலி வேறு, உரத்த குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டும். ஒருவர் மட்டும் ஒரு வரி சொல்லி, அதே நீளத்துக்கு இடைவெளி விட, மற்றவர்கள் மைக்கை மூடியபடி வீட்டில் உரக்கத் திருப்பிச் சொல்வதே சரியான வழி. நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும், ஆகட்டும். முடிவில் மட்டும் எல்லா மைக்கையும் திறந்துவிட்டு மூன்று முறை ‘சாது’ சொல்லச் சொல்லலாம். தாறுமாறாகத்தான் வரும். வாரம் முழுதும் மருமகளையும் மருத்துவரையும் தவிர வேறு குரல் கேட்காதவருக்கு அந்தத் தாறுமாறு பெரிய ஆறுதல்.

மௌனத்துக்கும் ஏற்பாடு வேண்டும். நேரில் அமர்ந்தால் பக்கத்தில் இருப்பவரின் மூச்சு கேட்கும். இணையத்தில் மௌனம் வந்ததும் ‘லைன் போய்விட்டதோ’ என்று கைப்பேசியை எடுத்துத் தட்டத் தொடங்குவார்கள். ‘7.15-லிருந்து 7.30 வரை மௌனம், நடுவில் 7.22-க்கு ஒரு மணி’ என்று சொல்லிவிட்டு, அதையே திரையிலும் எழுதிவிட்டால் அந்தத் தவிப்பு நிற்கும். வெளியிலிருந்து அழைப்பு வந்தால் அமர்வின் ஒலி நின்றுவிடும் என்பதால் ‘டு நாட் டிஸ்டர்ப்’ போட வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

டேட்டாவைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். குழுவாகக் காணொளியில் ஒரு மணி நேரம் இருந்தால் ஏறக்குறைய ஒரு ஜிபி தீரும். நாளுக்கு ஒன்றரை ஜிபி திட்டத்தில், வீட்டில் படிக்கும் பிள்ளையோடு பங்கு போட்டுக்கொள்கிறவரிடம் ‘கேமராவைப் போடுங்கள்’ என்று வற்புறுத்துவது, அடுத்த வாரம் வர வேண்டாம் என்பதற்குச் சமம். ஒலி மட்டும் என்றால் மணிக்கு 100 எம்பிக்குள் முடியும். முகம் காட்டுவது எப்போதும் விருப்பம்தான். மூக்கில் குழாயோடும் முடி உதிர்ந்தும் இருப்பவர்கள் முகம் மறைப்பதற்கு விளக்கம் கேட்கக் கூடாது. பட்டன் கைப்பேசி வைத்திருப்பவரையும் விட வேண்டியதில்லை. தன்னார்வலர் ஒருவர் சாதாரண கான்ஃபரன்ஸ் அழைப்பில் நான்கைந்து பேரைச் சேர்த்து, அந்தக் கைப்பேசியைத் தம் கணினியின் ஒலிபெருக்கி அருகே வைத்தால் அவர்களுக்குக் கேட்கும். தம் ஜூம் மைக்கை மட்டும் அவர் மூடிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிரொலி சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஓதும் பாடத்தை முந்தின நாளே அனுப்புவதிலும் ஒரு சிக்கல். அச்சுப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதுதான் வழக்கம். பார்வையற்றவரின் கைப்பேசியில் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் அதைப் பெரும்பாலும் ‘படம்’ என்று மட்டும் சொல்லும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பானால் பொருளற்ற எழுத்துகளை வாசிக்கும். யூனிகோடில் தட்டச்சிட்டுச் செய்தியாகவே அனுப்பினால் தமிழில் படித்துக் காட்டும், பார்வை மங்கியவர் எழுத்தைப் பெரிதாக்கியும் கொள்ளலாம். பாலி உச்சரிப்பைத் தமிழ் எழுத்தை மட்டும் பார்த்துப் பிடிக்க முடியாது என்பதால் ஒலிப்பதிவையும் சேர்த்து அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகிகள் மட்டும் பதிவிடும்படி வைப்பது நல்லது. காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் அமர்வின் இணைப்பு புதைந்துபோவது எல்லாக் குழுவிலும் நடக்கிறது. குழுவில் சேர்க்கப்படுபவரின் எண் எல்லோருக்கும் தெரியவரும், ஆகையால் கேட்காமல் சேர்க்கக் கூடாது.

வழிகாட்டுபவருக்கு உடல்நலத்தைப் பற்றிய அடிப்படை அறிவு இருந்தாக வேண்டும். ‘முதுகை நிமிர்த்திச் சம்மணமிட்டு அமருங்கள்’ என்று தொடங்கினாலே பாதிப் பேர் வெளியே நிற்பார்கள். தியானம் பற்றிய புத்தரின் உரையான சதிபட்டானம் நடத்தல், நிற்றல், இருத்தல், கிடத்தல் நான்கையும் சொல்கிறது. படுத்திருப்பவர் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி, முழங்காலுக்கடியில் தலையணை வைத்துக்கொண்டால் இடுப்பு இழுக்காது. வலி மாத்திரையால் தூக்கம் தள்ளினால் கண்ணைப் பாதி திறந்தே வைக்கலாம். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், பதற்ற நோய் உள்ளவர்களுக்கு மூச்சையே கவனிக்கச் சொன்னால் சிலருக்கு நெஞ்சு இறுகி மூச்சுத்திணறல் கூடும். அவர்களுக்கு உள்ளங்கைத் தொடுவுணர்வு, கேட்கும் ஒலி அல்லது எல்லோர் மீதும் அன்பை வளர்க்கும் மைத்திரி தியானம் கொடுக்கலாம். பௌர்ணமியன்று எட்டுச் சீலம் ஏற்று நண்பகலுக்குப் பின் உண்ணாதிருப்பது இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவருக்கு ஆபத்து. சர்க்கரை திடீரென இறங்கினால் வீட்டில் தனியே இருப்பவரைத் தூக்க ஆள் இருக்காது. அவர்கள் ஐந்து சீலத்தோடு நிற்கட்டும் என்று வழிநடத்துபவரே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். நோயாளி தாமாகக் கேட்கக் கூச்சப்படுவார்.

நாள் முழுதும் நீளும் இணைய முகாம்களைப் பற்றி எங்களுக்குக் கவலை உண்டு. கடும் மனச்சோர்வோ மனச்சிதைவோ உள்ளவர் நேரில் கலங்கினால் தோளைத் தொட ஒருவர் இருப்பார். திரையில் அவர் பெயர் மறைவது மட்டும்தான் தெரியும். சேரும்போதே வீட்டிலோ ஊரிலோ இருக்கும் ஒருவருடைய எண்ணை வாங்கிவைக்காமல் இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட மௌனப் பயிற்சி தரவே கூடாது. அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸ் எண் 14416 வழிநடத்துபவர் கையருகே இருக்கட்டும்.

பணத்தில் ஏமாறுவதும் நடக்கிறது. தம்மத்துக்கு விலை கிடையாது. தானம் விருப்பம், அளவும் விருப்பம். விநயத்தைக் கடைப்பிடிக்கும் பிக்கு பணத்தைக் கையால் தொடுவதில்லை. ஒரு ‘குரு’ தம் சொந்த யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னால், ரகசிய தீட்சைக்குக் கட்டணம் என்றால், நோய் தீரும் என்று வாக்குக் கொடுத்தால், மருந்தை நிறுத்தச் சொன்னால் விலகிவிடுவதே நல்லது. எந்த விகாரையில், யாரிடம் பயின்றார் என்று கேட்டால் நல்ல ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இவ்வளவையும் விட முக்கியமானது, பெயர் கூப்பிடுவது. தொடக்கத்தில் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி வரவேற்று, வராதவர்கள் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்து இரண்டு அமர்வுக்கு வராதவரை, கைப்பேசியோடு இருக்கும் அந்த மூன்றாமவர் அழைக்க வேண்டும். பாதிப் பேருக்கு ரீசார்ஜ் தீர்ந்திருக்கும். சிலர் மருத்துவமனையில் இருப்பார்கள், அவர்களுக்காக அந்த வாரமே பரித்தம் ஓதலாம், அதே நகரில் இருக்கும் உறுப்பினர் ஒருவர் போய்ப் பார்க்கலாம். ‘எனக்குப் பணிவிடை செய்ய விரும்புபவன் நோயாளிக்குப் பணிவிடை செய்யட்டும்’ என்று புத்தர் சொன்னதும், கவனிப்பாரில்லாமல் கிடந்த ஒரு பிக்குவை ஆனந்தரோடு சேர்ந்து தாமே குளிப்பாட்டிப் படுக்க வைத்த இடத்தில்தான்.

விகாரைகளுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். பௌர்ணமி தோறும் நேரில் நடக்கும் வழிபாட்டோடு மாலை ஏழு மணிக்கு 35 நிமிடம், வர முடியாதவர்களுக்கென்றே ஓர் அமர்வு வையுங்கள். இலங்கைக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்றே என்பதால், தமிழறிந்த பிக்குகள் அங்கிருந்தும் வழிநடத்தலாம். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு அப்போது இரவு ஒன்பதரை, அவர்களும் சேரலாம். மண்டபத்தில் நடப்பதையும் இதையும் ஒரே கைப்பேசியில் கலக்காதீர்கள். கலந்தால் மண்டபம்தான் ஜெயிக்கும். அறிவிப்புத் தாளில் இணைப்போடு, அழைத்தால் எடுத்துப் பேச ஆள் இருக்கும் ஓர் எண்ணையும் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். உங்கள் நாளிதழின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் கோயில், தேவாலய நிகழ்ச்சிகளோடு இந்த அமர்வுகளின் நேரமும் எண்ணும் இடம்பெற்றால், வாட்ஸ்அப் குழு எதிலும் இல்லாத, காலையில் செய்தித்தாளை மட்டும் கையில் எடுக்கும் முதியவர்களுக்குத் தகவல் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
இணையவழித் தம்ம அமர்வுகளை நடத்தும் தன்னார்வலர்கள்,
சென்னை